நிமிடத்துக்கு 1440 சுற்று

1998 ஜூன் மாதம் கோவையில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருந்த வீடுகளில் பேச்செல்லாம் கட்-ஆஃப் பற்றித்தான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300. பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறை வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கலைக் கல்லூரிகள் ஜூனிலேயே பட்டியல் ஒட்டி வகுப்பைத் தொடங்கிவிடும். கவுன்சிலிங் கடிதம் அதற்குப் பிறகு மெதுவாக வரும். அதனால் பி.எஸ்சி. இயற்பியலின் முதலாம் ஆண்டு வகுப்பு, வேறு ஊருக்குப் போகிறவர்கள் வண்டி வரும்வரை உட்கார்ந்திருக்கும் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கடிதம் வரும் என்று தெரியும். வந்தால் போவதா என்பதுதான் தெரியாது.

அப்பா கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தார். ஒற்றை அறை, முன்னால் தகரக் கூரை. மழை பொய்த்த வருடங்களில் கிணற்று மோட்டார்கள் வரிசையாக வந்து கிடக்கும். "பேஸ் போயி எரிஞ்சிருச்சுங்ணா" என்று சொல்லிக்கொண்டே விவசாயிகள் டி.வி.எஸ். வண்டியிலிருந்து இறக்குவார்கள். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சட்டென்று நிற்காது. மீதி இரண்டில் கரண்ட்டை அதிகமாக இழுத்துக்கொண்டு, காயில் கருகும்வரை உழைக்கும். கருகிய காயிலை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று அப்பா சிலேட்டில் குறித்துக்கொள்வார். ஸ்லாட்டில் லெதராய்டு பேப்பர் வைத்து, புதுக் காயில் இறக்கி, மூங்கில் சீவலால் அடைத்து, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார். பள்ளி விட்டு வந்தால் பேப்பர் வெட்டிக் கொடுப்பது என் வேலை.

மோட்டாரின் மேல் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். மாவு மில், லேத்துப் பட்டறை மோட்டார்களில் 1440 என்று போட்டிருக்கும். தண்ணீர் இறைக்கும் மோனோபிளாக்குகளில் பெரும்பாலும் 2880. நிமிடத்துக்கு அத்தனை சுற்று. நம் மின்சாரம் நொடிக்கு 50 அலைவு. 60ஆல் பெருக்கினால் 3000. இரண்டு போல் மோட்டார் 3000 சுற்ற வேண்டும், நான்கு போல் 1500. பிளஸ் ஒன்னில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது இரண்டு பலகைகளிலும் நூற்றுக்கு நான்கு குறைந்தது. இரண்டிலும் ஒரே விகிதத்தில் குறைந்தது என்னைத் தூங்கவிடவில்லை.

"ஏனுங்கப்பா, மிச்சம் அறுபது சுத்து எங்க போச்சு?"

"லோடு ஏறுனா கொஞ்சம் அடிவாங்கும் கண்ணு."

"லோடு இல்லாம ஓட்டினா?"

அப்பா பேச்சோடு நிறுத்துகிறவர் அல்ல. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டி, டேக்கோமீட்டரைத் தண்டின் முனையில் வைத்துக் காட்டினார். முள் 1490ஐத் தாண்டியது. 1500ஐத் தொடவில்லை. "நானும் இத்தனை வருசமா பாக்கறேன், ஒருநாளும் முழுசாக் காட்டுனதில்ல" என்றார்.

எங்கள் தெருவில் மூன்றாம் ஆண்டு எலெக்ட்ரிக்கல் படித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவரிடம் தெராஜா எழுதிய தடித்த எலெக்ட்ரிக்கல் பாடப்புத்தகம் இருந்தது. கெஞ்சி வாங்கி வந்தேன். தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு ஒரு பக்கம் தாண்ட ஒரு சாயங்காலம் ஆனது. பதில் கிடைத்தது. அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் மூன்று பேஸ் காயில்களும் சேர்ந்து ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, அதை 1500 வேகத்தில் சுழற்றுகின்றன. நடுவில் சுழலும் ரோட்டாருக்குள் கரண்ட் வருவதற்கே அந்தப் புலம் அதைக் கடந்து போக வேண்டும். ரோட்டாரும் அதே 1500ல் ஓடினால் அதற்குப் புலம் அசையாமல் நிற்பதுபோல் ஆகிவிடும். கடப்பது இல்லை என்றால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லை என்றால் திருப்பும் விசை இல்லை. ரோட்டார் பின்தங்கியே ஆக வேண்டும், பின்தங்குவதால்தான் ஓடுகிறது. அந்தப் பின்தங்கலுக்கு ஸ்லிப் என்று பெயர். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஸ்டேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப ரோட்டார்ல தாமிரம் போட்டா ஸ்லிப்பு கொறையுமா?" என்று கேட்டார். அலுமினியத்தைவிடத் தாமிரத்துக்கு மின்தடை குறைவு, ஆகவே குறையும். அந்தக் கணக்கு புத்தகத்தில் அடுத்த சில பக்கங்களில் இருந்தது. அப்பா புத்தகம் இல்லாமலே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தை நான் முதலில் கண்டது ஏர்கேப்பில்தான். ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கும். அப்பாவுக்கு அது பராமரிக்க வேண்டிய இடம். பேரிங் தேய்ந்தால் ரோட்டார் ஒருபக்கம் சாய்ந்து உரசும். இடைவெளி கூடினால் மோட்டார் வீணாகக் கரண்ட் இழுக்கும். விரல் நுனியால் தண்டை ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் அதே இடைவெளியைப் பார்த்துக்கொண்டு, ஒன்றையொன்று தொடாமல் இந்தக் காற்றைத் தாண்டி எப்படி ஒரு மாவு மில்லைச் சுற்றும் பலம் போகிறது, அந்த அரை மில்லிமீட்டருக்குள் என்னதான் இருக்கிறது என்று யோசிப்பேன். தெராஜா அதற்குள் போகவில்லை. அவர் போக வேண்டிய தேவையும் இல்லை. அவர் புத்தகம் மோட்டாரை ஒழுங்காக ஓட வைப்பவர்களுக்கானது.

பிளஸ் ஒன் படித்த அந்த வருடம்தான் எங்கள் பள்ளி இயற்பியல் டீச்சர் முன்கூட்டியே அனுமதி வாங்கி எங்களை ஊட்டி முத்தொரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிக்கு அழைத்துப்போனார். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பெரிய சட்டங்களின் மேல் 1100 மெல்லிய எஃகுக் கம்பிகள், முழு நீளத்துக்கும். பரவளையம் என்று கரும்பலகையில் படித்த வளைவு ஒரு மலைச்சரிவின் மேல் படுத்திருந்தது. அந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்த காரணத்தைக் கேட்டபோதுதான் நான் அசந்துபோனேன். ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 11 டிகிரி வடக்கே இருக்கிறது. வடக்கு தெற்காக ஏறக்குறைய அதே 11 டிகிரி சரிவுள்ள மலையைத் தேடிப்பிடித்து அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். அப்படிச் செய்ததால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. வானத்தில் நகரும் ஒரு மூலத்தைத் தொடர ஒரே அச்சில் திருப்பினால் போதும். ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 1970ல் வேலையைத் தொடங்கிய கருவி. நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தை அளந்து அந்த மூலத்தின் அளவைக் கணித்தார்கள். பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்ற விவாதத்தில் அந்த அளவீடுகளுக்கும் பங்கு உண்டு.

இதை வடிவமைத்த கோவிந்த் ஸ்வரூப் அலகாபாத்தில் இயற்பியல் எம்.எஸ்சி. படித்தவர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மின்பொறியியல் பேராசிரியர் பிரேஸ்வெல்லிடம் ஆய்வு செய்து 1961ல் முனைவர் ஆனவர். இது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். அன்று சரிவில் நின்றபோது, இதைச் செய்தவர் எந்தப் பிரிவு என்று டீச்சரிடம் கேட்டேன். "மலையைத் தேடறப்ப அவர் எந்தப் பிரிவா இருந்தா என்னம்மா" என்றார்.

வீட்டில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. 1998 மே மாதம்தான் பொக்ரான் அணுச் சோதனை நடந்து அப்துல் கலாமின் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் இருந்தது. மாமா பத்திரிகையைக் காட்டி, "பாரு, இன்ஜினியர்" என்றார். டீச்சர் அதே படத்தைக் காட்டி, "திருச்சி செயின்ட் ஜோசப்ல பிசிக்ஸ் படிச்சவர்" என்றார். இரண்டும் உண்மை. திருச்சியில் இயற்பியல் பட்டம் வாங்கி, பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர் அவர். அடுத்த வருடம் வெளிவந்த தன் வரலாற்று நூலில், இயற்பியல் தன்னுடைய துறை அல்ல என்பதைத் தாமதமாகத்தான் உணர்ந்ததாக அவரே எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை, மரியாதைதான் கூடியது. விமானம் கட்ட விரும்பிய ஒரு இளைஞருக்கு, தான் விரும்புவது எது என்று தெரிந்துகொள்ள ஒரு பட்டம் முழுக்கத் தேவைப்பட்டிருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளையிடம் நாம் அதை ஒரு கோடை விடுமுறைக்குள் கேட்கிறோம்.

அப்பாவின் வாதத்தை நான் இன்றும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. தாத்தா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு அவருடைய நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதை அப்பா கூடவே இருந்து பார்த்தவர். பட்டறைக்குச் சில சமயம் கம்பெனி இன்ஜினியர்கள் வருவார்கள். காயில் கட்டி, மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்து, ஓட்டிக் காட்டுவது அப்பா. டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது அவர்கள். "அந்தக் கையெழுத்து நம்ம வீட்ல ஒருத்தர் போடோணும்" என்பார். அதில் பேராசை எதுவும் இல்லை. வேலையைத் தெரிந்தவருக்கு அந்த வேலையின் மேல் அதிகாரமும் இருக்க வேண்டும் என்ற நியாயம்தான் இருந்தது. அம்மாவின் கேள்வி வேறு. "பிசிக்ஸ் படிச்சா என்ன ஆவே அம்மிணி?" டீச்சர் ஆகலாம் என்றேன். "டீச்சருன்னா நல்லதுதான?" என்று முடித்துவிட்டாள்.

கடிதம் வந்தது. "போயிப் பாக்கலாம், பாத்துட்டு முடிவு பண்ணு" என்று அப்பா சொல்ல, சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். கிண்டி வளாகம் முழுக்கப் பெற்றோர்கள், பிளாஸ்டிக் பைகளில் சான்றிதழ்கள். திரையில் ஒவ்வொரு கல்லூரியின் இடங்களும் குறைந்துகொண்டே வந்தன. கம்ப்யூட்டர் சயன்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் முதலில் காலியாயின. எண்களைப் பார்த்துப் பெற்றோர்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். எனக்கு எலெக்ட்ரிக்கலில் இடம் இருந்தது, அதுவும் கோவையிலேயே.

மரத்தடியில் உட்கார்ந்து அப்பாவிடம் பேசினேன். டீச்சர் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். தெராஜாவில் ஒரு அத்தியாயம், இயற்பியல் புத்தகத்தில் அதே பொருளில் ஒரு அத்தியாயம், இரண்டையும் படி. மூடி வைத்த பிறகு எந்தக் கேள்வி உன்னோடு வீட்டுக்கு வருகிறது என்று பார். மோட்டாரின் திறனை எப்படிக் கூட்டுவது என்று அப்பாவுக்கு வரும் கேள்வி எனக்குப் புரிகிறது, ஆனால் அது என்னோடு வருவதில்லை என்று சொன்னேன்.

"அந்த அறுபது சுத்து எங்க போச்சுன்னு தெரிஞ்சிருச்சில்ல கண்ணு? அப்பறம் என்ன?"

"அது தெரிஞ்சிருச்சுங்கப்பா. அந்த கேப்புக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரியோணும்."

அப்பா உடனே சம்மதிக்கவில்லை. எங்கள் எண் வரிசை வர இன்னும் நேரம் இருந்தது. "எத்தன வருசம் ஆகும்? எம்.எஸ்சி.யும் படிக்கோணுமில்ல? ஸ்காலர்ஷிப் கெடைக்குமா? பட்டறைக் கடன் இருக்குது" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்தபோது வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் டி.சி. வாங்கிக்கொண்டு போயிருந்தாள். மீதி இருந்தவர்களில் பலர் இடம் கிடைக்காததால் இருந்தவர்கள். ஆசிரியர்களுக்கும் அது தெரியும். பாடத்திட்டம் பழசு. சில வகுப்புகளில் நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே இருப்போம். இயற்பியல் படிக்க ஆசைப்படும் பிள்ளையிடம் நான் இதை மறைப்பதில்லை. பி.எஸ்சி. வகுப்பு தானாகவே உங்களை இயற்பியலுக்குள் கொண்டுபோய் விடாது. நூலகத்தில் பாதி வழியும் லேபில் பாதி வழியும் நீங்களே நடக்க வேண்டும்.

லேப் எனக்குப் பிடித்தது. நியூட்டன் வளையங்களுக்காக சோடியம் விளக்கு மஞ்சளாக எரியும். டிராவலிங் மைக்ராஸ்கோப்பின் குறுக்குக் கம்பியை வளையத்தின் விளிம்பில் நிறுத்தி வெர்னியர் படிக்க வேண்டும். ஒரு லென்சுக்கும் கண்ணாடித் தட்டுக்கும் நடுவே இருக்கும் காற்றுப் படலத்திலிருந்து ஒளியின் அலைநீளம் வெளியே வந்துவிடும். அங்கேயும் இடைவெளியில்தான் எல்லாம் நடந்தது.

இரண்டாம் ஆண்டில் நூலகத்தில் பெய்ன்மனின் இயற்பியல் உரைகளின் இரண்டாம் தொகுதி கிடைத்தது. மின்தூண்டல் பற்றிய பகுதியில் அவர் ஒன்றைச் சுட்டிக்காட்டியிருந்தார். கம்பி நகர்ந்தாலும் கரண்ட் வருகிறது, காந்தப்புலம் மாறினாலும் கரண்ட் வருகிறது. இரண்டுக்கும் ஒரே விதி பொருந்துகிறது, ஆனால் இரண்டும் வெவ்வேறு காரணங்களால் நடக்கின்றன. அங்கிருந்து ஐன்ஸ்டைனின் 1905 கட்டுரைக்குப் போனேன். சார்பியலைச் சொல்லும் அந்தக் கட்டுரை நட்சத்திரத்தில் தொடங்கவில்லை. ஒரு காந்தமும் ஒரு கடத்தியும்தான் தொடக்கம். காந்தம் நகர்கிறதா, கடத்தி நகர்கிறதா என்று பார்த்து இரண்டு விதமாக விளக்குகிறோமே, கிடைக்கும் கரண்ட் ஒன்றுதானே என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஐன்ஸ்டைனின் அப்பா ஹெர்மனும் சித்தப்பா யாக்கோபும் மியூனிக்கில் டைனமோ செய்யும் கம்பெனி நடத்தியவர்கள். யாக்கோபு இன்ஜினியர். பையனும் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் ஆவான் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவர் 1896ல் சூரிச்சில் கணித, இயற்பியல் ஆசிரியர்களுக்கான பிரிவில் சேர்ந்தார். டைனமோக்களுக்கு நடுவே வளர்ந்தவருக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிந்தது. அன்று ராத்திரி பட்டறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எம்.எஸ்சி. படிக்கும்போது கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தைப் பார்க்கப் போனோம். அங்கே 1985ல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையில் வெப்பத்தைக் கடத்துவது திரவ சோடியம். 98 டிகிரிக்கு மேல் உருகிவிடும், வெப்பத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் தண்ணீர் பட்டால் பற்றிக்கொள்ளும். அதை ஓட்டும் பம்புகளில் ஒரு வகைக்குச் சுழலும் பாகமே கிடையாது. குழாயைச் சுற்றிலும் மூன்று பேஸ் காயில்கள். அவை உண்டாக்கும் காந்தப்புலம் குழாயின் நீளத்தில் ஓடும். சோடியத்துக்குள் கரண்ட் தூண்டப்பட்டு, அந்த விசையில் சோடியமே நகரும். இண்டக்‌ஷன் மோட்டாரை நீட்டிப் படுக்கவைத்து, ரோட்டாரின் இடத்தில் உருகிய உலோகத்தை விட்டதுதான் அது. அதற்கும் ஸ்லிப் உண்டு. தண்டு இல்லாததால் சீல் வேண்டாம், ஆகவே அந்த வழியாகக் கசிவதற்கு வாய்ப்பில்லை.

ஊருக்கு வந்து அப்பாவிடம் படம் போட்டுக் காட்டினேன். சுற்றாத மோட்டாரைக் கண்டு வியப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இது:

"உள்ள அவ்வளவு சூட்டுல சோடியம் ஓடுதுங்கறே. சுத்தி இருக்கற காயிலு எப்படித் தாங்கும்? இன்சுலேஷனுக்கு என்ன போட்டிருக்காங்க?"

அந்தப் பம்புகளைச் செய்கிறவர்களுக்குப் பெரும் தலைவலி அதுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். காயிலைக் குளிர்விப்பதும், அந்த வெப்பத்தில் நிற்கும் இன்சுலேஷனும். நான் விசையின் சமன்பாட்டை எழுதிக்கொண்டு வந்திருந்தேன், அப்பா காயிலைத் தொட்டுப் பார்த்திருந்தார். எங்கள் வீட்டில் அசல் இன்ஜினியர் யார் என்பதில் எனக்கு அதற்குப் பிறகு சந்தேகமே இருந்ததில்லை. பட்டம் வாங்காமல் அந்த இடத்துக்குப் போனவர் கோவையில் அவர் ஒருவர் மட்டும் அல்ல. 1937ல் இந்த ஊரில் மோட்டார் செய்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பையே முடித்தவர் அல்ல.

இப்போது ஒரு கல்லூரியில் மின்னியலும் காந்தவியலும் நடத்துகிறேன். ஒவ்வொரு மே மாதமும் யாராவது பெற்றோரோடு வந்து அதே கேள்வியைக் கேட்பார்கள். நுழைவுத் தேர்வு போய்விட்டது, கட்-ஆஃப் 200 ஆகிவிட்டது, கவுன்சிலிங் வீட்டிலிருந்தே நடக்கிறது. எங்கள் காலத்தில் இல்லாத கதவுகளும் திறந்திருக்கின்றன: ஐசர்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நான்கு வருடப் பட்டம், சிறுசேரி சென்னைக் கணிதக் கழகத்தின் கணித-இயற்பியல் பட்டம். இவற்றையெல்லாம் சொல்வேன். வீட்டு நிலைமையையும் வெட்கப்படாமல் கேட்பேன், ஏனென்றால் ஸ்காலர்ஷிப் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் ஆசையை மட்டும் தூண்டிவிடுவது அநியாயம். எந்தப் படிப்புக்கு மதிப்பு அதிகம் என்று கேட்டால் பதில் சொல்வதில்லை. கடைசியில் என் டீச்சர் எனக்குக் கொடுத்த அந்த வேலையைக் கொடுத்தனுப்புவேன்: இரண்டு புத்தகம், ஒரே பொருள், ஒவ்வொன்றிலும் ஒரு அத்தியாயம்.

போன கோடையில் வந்த ஒரு பெண் இயற்பியல்தான் வேண்டும் என்று அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மின்மாற்றி பற்றிய இரண்டு அத்தியாயங்களைக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு நோட்டோடு வந்தாள். அதில் கோர் தகடுகளை எப்படி அடுக்கினால் இழப்பு குறையும் என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டிருந்தாள். "மேடம், நான் சண்டை போட்டது அப்பாகூடத்தான் போல, சப்ஜெக்ட்டுக்காக இல்ல" என்றாள். எலெக்ட்ரிக்கலில் சேர்ந்துவிட்டாள். சோடியம் பம்பின் படத்தை நகலெடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறேன்.